“காலம் கடந்துவிட்டது!” — பூட்டிய வழக்கு மறுபடி திறந்த கதை

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்று நாம் பேசப்போவது அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் நடந்த ஒரு வழக்கைப் பற்றி. “பஞ்சப்படியைப் பற்றிப் பேசுவீர்கள் என்று வந்தோம், அமெரிக்கக் கோர்ட்டைப் பற்றி எங்களுக்கென்ன?” என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். நம்மில் எத்தனை பேர் கோர்ட்டு வாசலிலும் ஆபீஸ் வாசலிலும் நின்று, “உன் கோரிக்கை நியாயம்தானப்பா, ஆனால் கெடு தாண்டிப் போச்சே” என்ற பேச்சைக் கேட்டிருக்கிறோம்! நமக்கு அந்த வார்த்தையால் போனது கூலியும் வேலையும். டெக்ஸாஸில் ஒரு மனிதனுக்கு அதே வார்த்தையால் உயிரே போக இருந்தது. அது எப்படி நடந்தது, மூடிய கதவு எப்படித் திறந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஹேபியஸ் கார்ப்பஸ் என்றால் என்ன?

ஆட்கொணர்வு மனு என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். போலீஸ் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாதபோது ஹைகோர்ட்டில் போடுகிறோமே, அதுதான் ஹேபியஸ் கார்ப்பஸ். “ஆளைக் கொண்டுவந்து நிறுத்து, எந்தச் சட்டப்படி அடைத்து வைத்திருக்கிறாய் என்று காரணம் சொல்” என்று கோர்ட் சிறை அதிகாரியைக் கேட்பது.

அமெரிக்காவில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அங்கே இரண்டு வகைக் கோர்ட்டுகள். ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் தனிக் கோர்ட்டுகள். அவற்றோடு தேசம் முழுவதற்குமான மத்திய கோர்ட்டுகள். கொலை, கொள்ளை போன்ற வழக்குகளைப் பெரும்பாலும் ராஜ்யக் கோர்ட்டுகளே விசாரித்துத் தண்டிக்கின்றன. தண்டனை பெற்று, அப்பீலும் முடிந்து, சிறையில் கிடக்கும் கைதி, “என்னைத் தண்டித்த முறை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது” என்று மத்திய கோர்ட்டில் ஹேபியஸ் கார்ப்பஸ் மனு போடலாம். ராஜ்யத்தின் நியாயஸ்தலம் கைவிட்டாலும் இன்னொரு கதவு உண்டு என்பதே இதன் பொருள்.

இந்தக் கதவு எப்போது வந்தது? 1867-ல். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் அங்கே உள்நாட்டு யுத்தம் முடிந்து, அடிமைகளாக இருந்த கறுப்பு மக்கள் விடுதலை பெற்றிருந்தார்கள். தெற்கு ராஜ்யங்களின் கோர்ட்டுகளை நம்பி அவர்களை விட முடியாது என்ற நிலை. அப்போது அந்நாட்டின் காங்கிரஸ் (நம் ஊர்க் கட்சியைச் சொல்லவில்லை, அந்த நாட்டுப் பார்லிமெண்டுக்குப் பெயரே காங்கிரஸ்) ராஜ்யச் சிறைகளில் உள்ளவர்களின் மனுக்களையும் மத்திய கோர்ட்டுகள் விசாரிக்கலாம் என்று சட்டம் செய்தது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு மக்களின் விடுதலையை ஒட்டிப் பிறந்த கதவு இது. நாம் சொல்லப்போகும் வழக்கும் ஒரு கறுப்பு மனிதனுடையது.

1996-ல் போட்ட பூட்டு

1995 ஏப்ரலில் ஓக்லஹோமா நகரில் சர்க்கார் கட்டிடம் ஒன்று குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அதையொட்டி எழுந்த கோபத்தில், 1996 ஏப்ரலில், ஜனாதிபதி கிளிண்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பயங்கரவாதத்தை ஒடுக்குவது என்று பெயர். ஆனால் அதன் அடி விழுந்தது சாதாரணக் கைதிகள் மீது. ராஜ்யக் கோர்ட்டில் எல்லாம் முடிந்தபின் ஒரே வருஷத்துக்குள் மனு போட வேண்டும். இரண்டாவது மனு போடுவது ஏறக்குறைய முடியாத காரியம். கீழ்க்கோர்ட் தள்ளினால் மேலே போவதற்கே தனி அனுமதி வாங்க வேண்டும்.

வக்கீல் விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள். விசாரணையின்போது ஏழை எதிரிக்கு சர்க்கார் செலவில் வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று 1963-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பெரிய வெற்றிதான். ஆனால் அப்பீல் முடிந்தபின் போடும் இந்த மனுக்களுக்கு வக்கீல் கேட்க அரசியல் சட்டத்தில் உரிமை இல்லை. அதோடு, 1991-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அப்படிப்பட்ட மனுவில் வக்கீல் ஒரு விஷயத்தை எழுத மறந்துவிட்டால், அது கைதியே மறந்ததற்குச் சமம்! வக்கீல் தூங்கினால் கைதி தூங்கியதாக அர்த்தம். இதுதான் பூட்டு. இனி அதில் மாட்டிக்கொண்ட மனிதனைப் பார்ப்போம்.

டுவேன் பக் செய்ததும், கோர்ட் செய்ததும்

அவர் பெயர் டுவேன் பக். 1995 ஜூலையில் ஹூஸ்டன் நகரில், தன்னைப் பிரிந்துபோன பெண்ணின் வீட்டுக்குள் புகுந்து, அவளையும் இன்னொருவரையும் சுட்டுக் கொன்றார். தன் மாற்றாந்தாய் மகளையும் சுட்டார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். பிள்ளைகளின் கண் முன்னே நடந்த கொடுமை அது. நாம் எதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் குற்றம் செய்யவில்லை என்று அவருடைய வக்கீல்களே பின்னால் வாதாடவில்லை.

1997-ல் விசாரணை. குற்றவாளி என்று தீர்ப்பு. அடுத்த கேள்வி, மரண தண்டனையா, ஆயுள் தண்டனையா என்பது. டெக்ஸாஸ் சட்டப்படி, மரண தண்டனை விதிக்க வேண்டுமானால், “இவன் இனிமேலும் பிறருக்கு ஆபத்தானவனாக இருப்பான்” என்று ஜூரிகள் அத்தனை பேரும் ஒருமனதாக முடிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு ஜூரி “இல்லை” என்றாலும் உயிர் தப்பும்.

அப்போது ஒரு மனோதத்துவ நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏறினார். வால்ட்டர் கிஹானோ என்று பெயர். பக் கறுப்பர் ஆனதால் அவர் ஆபத்தானவராக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று அவருடைய அறிக்கையில் எழுதியிருந்தது. அவரைக் கூப்பிட்டது யார்? சர்க்கார் வக்கீல் அல்ல, தோழர்களே! பக்கைக் காப்பாற்றக் கோர்ட் நியமித்த அவருடைய சொந்த வக்கீல்! அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார். மொத்தத்தில் பக் இனி ஆபத்து செய்யமாட்டார் என்றே நிபுணர் சொன்னார் என்பது உண்மை. ஆனால் விஷம் அதற்குள் கலந்துவிட்டது. சர்க்கார் வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணையில், கறுப்பு இனம் என்பதால் ஆபத்து அதிகம் என்கிறீர்கள், சரிதானே என்று கேட்டார். ஆம் என்றார் நிபுணர். ஜூரிகள் தனி அறையில் யோசிக்கும்போது அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். மரண தண்டனை விழுந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒருவன் செய்த காரியத்துக்குத் தண்டனை கொடுக்கலாம். அவன் எந்தத் தோலோடு பிறந்தான் என்பதற்குத் தண்டனை கொடுக்கலாமா? “இந்தச் சாதிக்காரன்தான் திருடியிருப்பான்” என்று பண்ணையாரும் போலீசும் சொல்லி அடித்ததை அனுபவித்தவர்கள் இந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறோம். டெக்ஸாஸில் அதே பேச்சு டாக்டர் பட்டம் போட்டுக்கொண்டு, கோர்ட்டில் சத்தியப் பிரமாணம் செய்து பேசியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆறு பேரில் ஐந்து பேர்

1999-ல் கோர்ட் நியமித்த இன்னொரு வக்கீல், பக் சார்பில் ராஜ்யக் கோர்ட்டில் முதல் ஹேபியஸ் மனுவைப் போட்டார். அதில் இந்தக் கறுப்பு இனப் பேச்சைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பூட்டு அங்கேயே விழுந்துவிட்டது.

அடுத்த வருஷம், 2000-ல், இதே நிபுணர் சாட்சி சொன்ன வேறொரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. டெக்ஸாஸின் அட்டர்னி ஜெனரலே, அதாவது ராஜ்யத்தின் தலைமை சர்க்கார் வக்கீலே, “இனத்தைக் காட்டி ஆபத்தை நிரூபித்தது தவறு” என்று ஒப்புக்கொண்டார். அதோடு, இதே சாட்சியால் கெட்டுப்போன வேறு ஆறு மரண தண்டனை வழக்குகள் இருப்பதாகவும் பகிரங்கமாக அறிவித்தார். அந்த ஆறில் பக்கின் வழக்கும் ஒன்று.

மற்ற ஐந்து பேர் விஷயத்தில் டெக்ஸாஸ் சர்க்கார், “காலம் கடந்தது, முறை தவறியது என்ற தடைகளை நாங்கள் எழுப்பமாட்டோம்” என்று விலகி நின்றது. தண்டனையைப் பற்றி மட்டும் மறுபடி விசாரணை நடந்தது. ஆறாவது ஆள் பக். 2002-ல் அவர் ராஜ்யக் கோர்ட்டில் இரண்டாவது மனு போட்டுப் பார்த்தார், தள்ளுபடி. 2004-ல் மத்திய கோர்ட்டுக்கு வந்தார். அதற்குள் அட்டர்னி ஜெனரல் நாற்காலியில் வேறு ஆள். சர்க்கார் என்ன சொன்னது? “இந்த விஷயத்தை 1999 மனுவிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலம் கடந்துவிட்டது.” அவருடைய வழக்கில் நிபுணரைக் கூப்பிட்டது எதிரி தரப்பு வக்கீல்தானே என்றும் ஒரு சாக்கு. மற்ற வழக்குகள் சிலவற்றிலும் அப்படித்தான் நடந்தது. அங்கே அது தடையாக இல்லை!

2006-ல் மத்திய கோர்ட் மனுவைத் தள்ளியது. தவறு நடக்கவில்லை என்றா சொன்னது? இல்லை. வக்கீலின் மறதி கைதியின் மறதி என்ற 1991 தீர்ப்பைக் காட்டி, கேட்கவே முடியாது என்றது. அந்தக் கோர்ட்டில் வழக்கு முடிந்தது. கட்டு கட்டி அலமாரியில் வைத்தாகிவிட்டது.

மறுபடி திறக்கும் சாவி

முடிந்த வழக்கை மறுபடி திறக்க முடியுமா? இங்கேதான் நாம் கவனமாகப் படித்துக்கொள்ள வேண்டிய இடம் வருகிறது.

அமெரிக்காவில் ஹேபியஸ் மனு கிரிமினல் தண்டனையைப் பற்றியதானாலும், சட்டக் கணக்கில் அது சிவில் வழக்கு. எனவே சிவில் வழக்குகளுக்கான விதிகள் அதற்கும் ஓரளவு பொருந்தும். அந்த விதிகளில் 60-வது விதி, முடிந்த தீர்ப்பை எப்போது திறக்கலாம் என்பதற்கு ஆறு காரணங்களைச் சொல்கிறது. கைத்தவறு, புதிதாகக் கிடைத்த சாட்சியம், மோசடி என்ற முதல் மூன்றுக்கும் ஒரு வருஷக் கெடு. ஆறாவது காரணம், “நியாயமான வேறு எந்தக் காரணமும்” என்பது. அதற்கு வருஷக் கெடு இல்லை. நியாயமான காலத்துக்குள் கேட்டால் போதும். ஆனால் அசாதாரணமான நிலைமை இருப்பதாகக் காட்ட வேண்டும். சாவித்துவாரம் ஊசிக் காது அளவுதான்.

“இரண்டாவது மனு கூடாது என்ற சட்டத்தை இப்படிச் சுற்றிவரப் பார்க்கிறாயா?” என்று சர்க்கார் கேட்கும் அல்லவா? அதற்கு 2005-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு கோடு கிழித்தது. புதிதாக ஒரு குறையைக் கொண்டுவந்தால் அது இரண்டாவது மனு, கதவு அடைப்பு. “என் பழைய குறையைக் கேட்காமலே, முறை தவறியது என்று சொல்லித் தள்ளினீர்கள், அப்படித் தள்ளியது தவறு” என்றால், அது பழைய வழக்கைத் திறக்கும் கோரிக்கை, கேட்கலாம். கேட்டுத் தோற்றது வேறு, கேட்காமலே துரத்தியது வேறு. இந்த வித்தியாசம் நமக்குப் புரியாததா?

2011-ல் பக்கின் மரணத்துக்கு நாள் குறித்தார்கள்: செப்டம்பர் 15. சர்க்கார் தன் வாக்கை மீறியது என்று காட்டி வழக்கைத் திறக்கக் கேட்டார்கள். அன்றைய தினமே சுப்ரீம் கோர்ட் தண்டனையை நிறுத்திவைத்தது. உயிர் தப்பியது. ஆனால் நவம்பரில், வழக்கை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கைவிரித்தது. இரண்டு நீதிபதிகள் மட்டும் மாறுபட்டார்கள்.

பிறகு, வேறு கைதிகள் நடத்திய வழக்குகளில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. முதல் ஹேபியஸ் மனுவில் வக்கீல் திறமையற்றுப் போய், அதனால் விசாரணை வக்கீலின் தவறு வெளிவராமல் போனால், அந்தக் குறையை மத்திய கோர்ட் கேட்கலாம் என்றது 2012 தீர்ப்பு. அது டெக்ஸாஸுக்கும் பொருந்தும் என்றது 2013 தீர்ப்பு. முன்பின் பார்த்திராத கைதிகள் போட்ட சண்டையில் பக்குக்கு வழி பிறந்தது. 2014 ஜனவரியில் அவர் 60-வது விதியின் ஆறாவது காரணத்தைக் காட்டி மறுபடி மனு போட்டார்.

கீழ்க்கோர்ட், இனத்தைப் பற்றிய பேச்சு மிகச் சிறிய அளவுதான் என்று தள்ளியது. அப்பீல் கோர்ட், இதில் அசாதாரணம் ஒன்றுமில்லை என்று அப்பீல் அனுமதியே தர மறுத்தது. தோலைக் காட்டிச் சாகச் சொன்னது சாதாரணம் என்றால், அசாதாரணம் எது, தோழர்களே?

2017 பிப்ரவரி 22

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2017 பிப்ரவரி 22-ல் தீர்ப்பு. ஆறு பேர் பக்கம் பக். இரண்டு பேர் எதிர்ப்பு. தீர்ப்பை எழுதியவர் பிரதம நீதிபதி ராபர்ட்ஸ்; ஜார்ஜ் புஷ் நியமித்தவர், இடதுசாரி என்று யாரும் சொல்ல முடியாதவர். ஒருவன் செய்ததற்காகத்தான் சட்டம் தண்டிக்கிறது, அவன் யார் என்பதற்காக அல்ல என்று அவர் எழுதினார். சிறிய அளவுதானே என்ற வாதத்துக்கும் பதில் சொன்னார்: சில விஷங்கள் துளியளவு போனாலும் உயிரைக் குடிக்கும் என்றார். நிபுணரைக் கூப்பிட்ட வக்கீல் தன் கடமையில் தவறினார், அதனால் பக்குக்குப் பாதகம் நேர்ந்தது, வழக்கைத் திறக்க வேண்டும் என்பது முடிவு.

பக் வெளியே வந்துவிட்டாரா? இல்லை. திறப்பது என்றால் விடுதலை அல்ல. 2017 அக்டோபரில் சர்க்கார் தரப்போடு உடன்பாடு ஏற்பட்டு, மரண தண்டனை நீங்கியது. ஆயுள் தண்டனை நின்றது. வேறு இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டு அவற்றுக்கு அறுபது அறுபது வருஷம் ஏற்றார். மரண தண்டனை விழுந்து இருபது வருஷம் கழித்து, தவறு என்று சர்க்காரே ஒப்புக்கொண்டு பதினேழு வருஷம் கழித்து, அந்தத் தவறு திருத்தப்பட்டது.

“கொலைகாரனுக்கு என்ன பரிவு?”

இப்படி ஒரு கேள்வி உங்கள் மனதில் எழுந்தால் அது தப்பல்ல. செத்துப்போனவளும் ஒரு தாய். அவள் பிள்ளைகள் தாயில்லாப் பிள்ளைகள் ஆனார்கள். அந்தத் துயரத்தை நாம் சிறிதாக்க மாட்டோம். ஆனால் ஒன்றைக் கேளுங்கள். அன்று பக்கின் குண்டு பட்டுப் பிழைத்த அந்தப் பெண்ணே அவரை மன்னித்து, அவரைக் கொல்லாதீர்கள் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். பட்டவர் மன்னித்த பிறகும் சர்க்கார் விடவில்லை.

இன்னொன்று. ஒரு விதியை முதலில் யார் தலையில் வைத்துப் பழகுகிறார்கள்? பரிவு காட்ட ஆளில்லாதவன் தலையில். கொலைகாரனுக்குக் “காலம் கடந்தது” என்று சொல்லிப் பழகிய வாய், நாளைக்கு வேலைநிறுத்தம் செய்தவனிடமும் அதையே சொல்லும்.

இது வெறும் வாதமல்ல. 1932-ல் அட்லாண்டா நகரில் ஏஞ்சலோ ஹெர்ண்டன் என்ற பத்தொன்பது வயதுக் கறுப்புத் தோழர், வேலையில்லாத கறுப்பரையும் வெள்ளையரையும் ஒன்றாகத் திரட்டி நிவாரணம் கேட்டார். கலகத்தைத் தூண்டினார் என்று பதினெட்டிலிருந்து இருபது வருஷம் தண்டனை! 1935-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது என்ன? அரசியல் சட்டக் கேள்வியை உரிய காலத்தில் எழுப்பவில்லை என்றது. அதே பூட்டு. அவருடைய வக்கீல்களும் இயக்கமும் அதோடு வீட்டுக்குப் போகவில்லை. ஹேபியஸ் கார்ப்பஸ் மனு போட்டு மறுபடி ஏறி வந்தார்கள். 1937 ஏப்ரலில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அதே சுப்ரீம் கோர்ட் அந்தத் தண்டனை செல்லாது என்றது. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசம்.

கதவு மறுபடி சுருங்குகிறது

பக் வென்றதால் எல்லாருக்கும் வழி பிறந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 2022 மே மாதத்தில் அதே சுப்ரீம் கோர்ட், ஆறுக்கு மூன்று என்று, 2012-ல் திறந்த வழியைக் குறுக்கிவிட்டது. ராஜ்யக் கோர்ட் வக்கீல்கள் இருவருமே கோட்டை விட்டிருந்தாலும், அவர்கள் திரட்டாமல் விட்ட சாட்சியத்தை மத்திய கோர்ட்டில் புதிதாகக் கொண்டுவருவது அநேகமாக முடியாது என்பது தீர்ப்பு. திறமையற்ற வக்கீல் என்று புகார் சொல்லலாம். அதை நிரூபிக்கும் காகிதத்தைக் காட்டக் கூடாது! பக்கின் வழக்கில் விஷம் ஆரம்ப விசாரணை ஏட்டிலேயே எழுதியிருந்தது. ஏட்டில் ஏறாமலே போன உண்மைகளை வைத்திருப்பவன் என்ன செய்வான்?

அந்த 2022 வழக்கில் இருந்தவர்களில் ஒருவர் அரிஜோனாவைச் சேர்ந்த பாரி ஜோன்ஸ். மருத்துவச் சாட்சியத்தை அவருடைய வக்கீல் சரியாக ஆராயவில்லை என்று கீழ் மத்திய கோர்ட் 2018-ல் கண்டது. அந்த வெற்றியை 2022 தீர்ப்பு பறித்தது. கடைசியில் 2023 ஜூனில், சர்க்கார் தரப்போடு ஏற்பட்ட உடன்பாட்டில் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் அவர் வெளியே வந்தார். கோர்ட்டின் கதவு சாத்தியபின், வெளியே இருந்தவர்களின் விடாமுயற்சிதான் அவரை மீட்டது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தோழர்களே, சட்டத்தை நம்பி உட்கார்ந்திருங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. சட்டம் எல்லாம் ஏமாற்று, அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றும் சொல்ல வரவில்லை. சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஏழை தோற்பது பெரும்பாலும் நியாயத்தில் அல்ல, முறையில். அவன் சொன்னது பொய் என்று சொல்லித் தோற்கடிப்பதில்லை. நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்லித் தோற்கடிக்கிறார்கள்.

ஆகையால், கையில் நோட்டீஸ் வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் அன்றைக்கே சங்க ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள். தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். மனு போட்டால் நகலும் ரசீதும் வாங்குங்கள். வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், நம் குறை முழுவதும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள். 1999-ல் பக்கின் மனுவில் அந்த ஒரு வரி இருந்திருந்தால், பதினெட்டு வருஷப் போராட்டம் வேண்டியிருந்திருக்காது.

“முடிந்துபோன வழக்கு” என்று யாராவது சொன்னால், கேட்டு முடிந்ததா, கேட்காமலே முடித்தார்களா என்று திருப்பிக் கேளுங்கள். கேட்காமலே முடித்ததைத் திறக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. டெக்ஸாஸில் செப்டம்பர் 15 என்று நாள் குறித்த மனிதன் இன்றும் உயிரோடு இருப்பது, அந்தக் கேள்வியை விடாமல் கேட்டதனால்தான்.